சுழற்சி (வடிவவியல்)

வடிவவியலில் சுழற்சி என்பது தளத்தின் ஒரு புள்ளியை நிலையாக வைத்து, மற்ற எல்லாப் புள்ளிகளையும் அதைச் சுற்றித் திருப்பும் உருமாற்றமாகும். ஆனால் "திருப்புதல்" என்பது "சுழற்றுதல்" என்பதற்கு இன்னொரு சொல்லே. ஆகவே இது வரையறை ஆகாது. துல்லியமான வரையறை பின்வருமாறு:

ம என்ற மையமும் ஒரு கோணமும் தரப்பட்டுள்ளன. ம தன் இடத்திலேயே இருக்கும். வேறு எந்தப் புள்ளி ப-வும் ப′ என்ற புள்ளிக்குச் செல்லும். மப, மப′ நீளங்கள் சமம். மப-விலிருந்து மப′-க்குக் குறித்த திசையில் அளக்கும் கோணம், தரப்பட்ட கோணமே.

இதில் உள்ள நிபந்தனைகள் எல்லாம் தேவைதானா என்பதை எதிர் எடுத்துக்காட்டுகளால் சோதிக்கலாம்.

வரையறையைச் சோதித்தல்

மையத்திலிருந்துள்ள தொலைவு மாறாதிருந்தால் போதும் என்று கொள்வோம். 1 செ.மீ. ஆர வட்டத்தை 10°, 2 செ.மீ. ஆர வட்டத்தை 20° என ஆரத்திற்கு ஏற்பக் கூடுதலாகத் திருப்பினாலும் இந்நிபந்தனை நிறைவேறும். ஆனால் மையத்திலிருந்து வரைந்த நேர்கோடு ஆர்க்கிமிடீசின் சுருளாக வளைந்துவிடும். எனவே கோணம் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கோணம் 90° என்று மட்டும் சொல்லித் திசையை விட்டுவிட்டால்? கிடை அச்சையும் அதற்கு மேலுள்ள புள்ளிகளையும் வலஞ்சுழியாகவும், கீழுள்ளவற்றை இடஞ்சுழியாகவும் திருப்பலாம். அப்போது (0, 1), (0, −1) இரண்டுமே (1, 0) என்ற ஒரே புள்ளியில் விழும்! 2 அலகு இடைவெளி மறைந்துவிடுகிறது.

"எந்த இரு புள்ளிகளுக்கும் இடையிலான தொலைவு மாறாது, ஒரு புள்ளி நிலையாக இருக்கும்" என்ற வரையறை வலுவானதாகத் தோன்றும். இதை முறியடிப்பது எதிரொளிப்பு. அதில் தொலைவுகள் மாறுவதில்லை. ஆயினும் ஆடிக்கோட்டின் மீதுள்ள புள்ளிகள் நகர்வதே இல்லை. அதன் மீதுள்ள ம-விலிருந்து பார்க்க, கோட்டுடன் 30° சாய்ந்துள்ள புள்ளி 60° நகர்கிறது.

சரி, "ஒரே ஒரு புள்ளி மட்டும் நிலையாக இருக்கும்" என்று திருத்தலாம். இது எதிரொளிப்பை விலக்கிவிடும், ஆனால் 360° சுழற்சியையும் சேர்த்தே விலக்கிவிடும். அதில் எல்லாப் புள்ளிகளும் நிலையானவை. முன்னவை, வேண்டாததை உள்ளே விட்ட வரையறைகள். இதுவோ வேண்டியதை வெளியே தள்ளுகிறது. மாணவர்கள் பெரும்பாலும் தேட மறப்பது இந்த இரண்டாம் வகைப் பிழையைத்தான்.

முப்பரிமாணத்தில்

தளத்தில் அந்த ஒரு விதிவிலக்கைச் சேர்த்துக்கொண்டால் வரையறை சரியாகிவிடும். வெளியில் அதுவும் உதவாது. ஒரு புள்ளி நகராதபடி ஒரு திண்பொருளை எப்படித் திருப்பினாலும், அப்புள்ளி வழியே செல்லும் ஓர் அச்சு முழுவதும் நகராதிருக்கும் என்று லியோனார்டு ஆய்லர் 1775-இல் நிறுவினார். எனவே அங்கு எந்தச் சுழற்சிக்கும் ஒரே ஒரு நிலைத்த புள்ளி இருக்க முடியாது.

மாறாக, (3, 2, 1) என்பதை (−3, −2, −1) ஆக்குவதுபோல எல்லா ஆயத்தொலைவுகளின் குறிகளையும் மாற்றும் உருமாற்றத்திற்கு ஒரே ஒரு நிலைத்த புள்ளிதான் உண்டு. ஆனால் அது சுழற்சி அன்று. வலக்கைக் கையுறையை இடக்கைக் கையுறையாக்கிவிடும். தளத்தில் இதே குறிமாற்றம் 180° சுழற்சியாகும்.