உணர்விழந்த பாதம்: காற்புண் சிகிச்சையின் சமூக அடிப்படை

1

நோய் பற்றிய கருத்துக்கள் அவை தோன்றும் சமூகத்தினின்றும் தனித்து நிற்பவையல்ல. காரணம் புலப்படாத துன்பத்தை முன்வினைப் பயனாகவோ தெய்வ தண்டனையாகவோ கொள்ளும் போக்கு நீண்ட காலமாக நிலவி வந்துள்ளது. தொழுநோயாளரின் பாதங்களில் தோன்றும் ஆறாத புண்கள் பற்றிய எண்ணங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இறைவனின் திருவடியைப் பல நூற்றாண்டுகள் பாடிப் பரவிய நமது இலக்கிய மரபு, உழைப்பவனின் பாதத்தை அதே அக்கறையுடன் நோக்கிற்று எனக் கூறுவதற்கில்லை. அப்பாதத்திற் புண் ஏன் உண்டாகின்றது, அதுபற்றிய விளக்கம் சிகிச்சையை எவ்வாறு மாற்றியது, அம்மாற்றத்தின் பயன் இன்று யாரைச் சென்றடைகின்றது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்பதை 1873 இல் நோர்வே நாட்டு மருத்துவர் ஹன்சன் கண்டறிந்தார். ஆயின் கிருமியைக் கண்டறிந்தமை நோயாளியின் சமூக நிலையை மாற்றிவிடவில்லை. இலங்கையில் ஒல்லாந்தர் 1708 இல் ஹெந்தளையில் அமைத்த தொழுநோய் மனையும், பிரித்தானியர் காலத்து 1901 ஆம் ஆண்டுச் சட்டமும், மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் நோயாளர் வைக்கப்பட்டமையும் ஒதுக்கிவைத்தல் என்ற ஒரே கொள்கையின் வெவ்வேறு வடிவங்களே. நோயாளியின் தசை தானாகவே அழுகிப்போகின்றது என்ற நம்பிக்கை அக்கொள்கைக்குத் துணைநின்றது. தானாக அழுகுவதைத் தடுக்க முடியாது எனின், அதனைத் தடுக்க முயல வேண்டிய கடமையும் எவருக்கும் இல்லையன்றோ?

1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் போல் பிரான்டும் அவரது சகபாடிகளும் இந்நம்பிக்கையைக் கேள்விக்குட்படுத்தினர். நோயாளரின் தசை ஏனையோரின் தசையைப் போன்றே ஆறக்கூடியது என்பதை அவர்கள் கண்டனர். கிருமி செய்த கேடு நரம்புகளிலேயே இருந்தது. நரம்பு கெட்டதும் பாதம் வலியை அறிவதில்லை. புண்ணை உண்டாக்கியது வலியில்லாத நடையே ஆகும்.

இது சற்று விரிவாக விளக்கப்பட வேண்டியதாகும். நலமுள்ள ஒருவர் நெடுந்தூரம் நடக்கும்போது பாதத்தின் ஓரிடம் நோவெடுத்தவுடன் தம்மையறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார், சிறிது நொண்டுகிறார், பாரத்தை வேறோரிடத்துக்கு நகர்த்துகிறார், ஈற்றில் உட்கார்ந்துவிடுகிறார். உணர்விழந்த பாதத்தையுடையவர் இவற்றுள் எதனையும் செய்வதில்லை. முள்ளோ ஆணியோ குத்தித்தான் புண் உண்டாக வேண்டும் என்பதில்லை. பெருவிரலின் அடியிலும் முன்பாதத்து எலும்பு முனைகளிலும் மிதமான அழுத்தம் ஆயிரக்கணக்கான தடவைகள் விழுவதே போதுமானது. உள்ளே அழற்சி தோன்றித் தசை நைந்து, பின்னரே தோல் வெடிக்கிறது. அதன்பின் கிருமி தொற்றி எலும்பைத் தாக்குகிறது. விரலும் பாதமும் இழக்கப்படுவது இவ்வாறே.

3

காரணம் இதுவெனின் சிகிச்சையும் தெளிவாகிறது. புண்ணின் மீது விழும் பாரத்தை நீக்க வேண்டும். படுக்கையில் ஓய்வு கொடுத்தால் இப்புண்கள் ஆறின. ஆனால் வைத்தியசாலையை விட்டு வெளியேறிய நோயாளி மீண்டும் வயலுக்கும் வீதிக்கும் திரும்பியதும் அவை மீண்டும் வெடித்தன. மாதக்கணக்கிற் படுத்திருக்க வசதியில்லாதவருக்கு ஓய்வைப் பரிந்துரைப்பது சிகிச்சையை மறுப்பதற்கு ஒப்பானது.

இம்முரண்பாட்டுக்குரிய தீர்வுகளுள் ஒன்று நமது மண்ணில் உருவானது என்பது பலரும் அறியாத செய்தி. பின்னாளிற் கொழும்பில் அறுவை மருத்துவப் பேராசிரியராக விளங்கிய மில்றோய் போல், 1930களில் இத்தகைய நோயாளரின் காலுக்குப் பரிசுச் சாந்துக் கட்டிட்டு அவர்களை நடக்கவிட்டே புண்ணை ஆற்றினார். இந்தியாவில் ஜோசப் கான் என்பாரும் அக்காலத்தில் இம்முறையைக் கையாண்டார். பாதத்துடனும் கெண்டைக்காலுடனும் ஒட்டிப் பொருந்தும் இக்கட்டு, பாரத்தை உள்ளங்கால் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கிறது. ஒரு பகுதியைக் காலின் சுற்றுப்புறமே தாங்கிக்கொள்கிறது. கணுக்கால் அசையாதிருப்பதால் முன்பாதத்தை ஊன்றி உந்தும் விசையும் குறைகிறது. நோயாளி கழற்றிவைக்க இயலாதிருப்பதும் இதன் சிறப்பாகும். கடுமையான கிருமித்தொற்றோ இரத்த ஓட்டக் குறைவோ உள்ளவிடத்து மட்டும் இது தவிர்க்கப்பட வேண்டியது.

ஆறிய புண் மீண்டும் வெடிக்காதிருப்பதற்குத் தக்க பாதணி வேண்டும். மெத்தென்ற நுண்துளை இறப்பரை உட்புறத்தே கொண்ட செருப்புக்கள் வேலூர்ப் பகுதியில் இதற்கென ஆக்கப்பட்டன. பாதணி அணிவதே சில சாதியினருக்கு மறுக்கப்பட்ட வரலாறு தமிழகத்துச் சிற்றூர்களுக்கு உண்டு. தோற்றொழில் செய்தோர் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டதும் அங்கேயே. அச்சூழலில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் கைத்திறன் அறுவை மருத்துவரின் திறனுக்கு ஈடாகத் தேவைப்பட்டமை ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. இன்னொன்றும் கவனத்திற்குரியது. சிறப்புச் செருப்பே நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகியபோது நோயாளர் பலர் அதனை அணிய மறுத்தனர். சமூக இழிவு நீங்காதவரை நல்ல பாதணியும் முழுப்பயன் தராது.

4

1966 இல் பிரான்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். நீரிழிவு நோயாளரின் பாதங்களிலும் அதே உணர்விழப்பும் அதே புண்களும் இருப்பது அங்கு தெளிவாயிற்று. பரிசுச் சாந்துக் கட்டு அவர்களுக்கும் பயன்பட்டது. பத்துக் கிராம் விசையில் வளையும் நைலோன் இழையைப் பாதத்தில் ஊன்றி உணர்வைச் சோதிக்கும் எளிய முறையும் அங்குச் செய்யப்பட்ட ஆய்வுகளால் வலுப்பெற்றது. உள்ளங்காலின் முன்பகுதியிலுள்ள நீரிழிவுப் புண்ணுக்கு, முழங்கால்வரை எட்டும் கழற்றவியலாத தாங்கியே முதற்றெரிவு என இன்றைய சர்வதேச வழிகாட்டல்கள் கூறுகின்றன. ஆசியாவின் ஏழை நோயாளர் வாயிலாகப் பெறப்பட்ட அறிவு செல்வந்த நாட்டின் மருத்துவத்தை வளப்படுத்தியமைக்கு இது சான்றாகும். அறிவு எப்பொழுதும் மேற்கிலிருந்தே கிழக்கு நோக்கி வருகிறது என்போர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

நீரிழிவாளரின் கணுக்காலும் பாதமும் வலியின்றியோ சிறு வலியுடனோ சிவந்து, வெப்பமுற்று வீங்குமாயின், அது சார்க்கோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1868 இல் விவரித்த மூட்டழிவின் தொடக்கமாயிருக்கலாம். சுளுக்கெனக் கருதி எண்ணெய் தேய்த்து நடந்துகொண்டிருந்தால் எலும்புகள் நொறுங்கிப் பாதம் உருக்குலையும்.

5

இன்று தொழுநோய்க்குப் பயனுள்ள மருந்துகள் உண்டு. ஆனால் இழந்த உணர்ச்சியை அவை பெரும்பாலும் மீட்டுத்தருவதில்லை. நீரிழிவோ பரவலான நோயாகிவிட்டது. வலி செய்துவந்த வேலையைக் கண் செய்ய வேண்டும். ஒவ்வோரிரவும் உள்ளங்காலைப் பார்த்தல், பார்க்க இயலாதவருக்கு வீட்டார் உதவுதல், பாதணியினுள் கையிட்டுக் கல்லும் ஆணியும் உளவோ எனத் தேடுதல், நண்பகலில் கோயில் வீதியின் சுடுமணலில் வெறுங்காலுடன் நடவாதிருத்தல், காய்ப்பைத் தாமே வெட்டாதிருத்தல் ஆகியன அவசியமானவை.

எனினும் இவற்றை நோயாளியின் தனிப்பட்ட கடமையாக மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. தேயிலைச் சரிவில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவளுக்கும், சேற்று வயலில் நிற்பவனுக்கும், கரைவலை இழுப்பவனுக்கும் காலே உற்பத்திக் கருவியாகும். நடந்தால் புண் ஆறாது, நடவாவிடின் அடுப்பெரியாது. அவர்களது கால் துண்டிக்கப்படும்போது பிழைப்பும் துண்டிக்கப்படுகிறது. நைலோன் இழையும், சாந்துக் கட்டும், மெத்தென்ற செருப்பும் கிராமத்து வைத்தியசாலையிற் கட்டணமின்றிக் கிடைத்தலும், புண் ஆறும் காலத்துக்கு ஊதியம் உறுதிப்படுத்தப்படுதலும் சிகிச்சையின் பகுதிகளேயாம். புண்ணுக்குக் காரணம் விதியல்ல என்பதை மருத்துவம் ஐயத்துக்கிடமின்றி நிறுவிவிட்டது. காலிழப்பும் விதியல்ல என்பதை நிறுவ வேண்டிய பொறுப்பு சமூகத்தினுடையது.