சென்னை டு பாண்டி, சைக்கிளில் 150 கி.மீ.: நிதி திரட்டும் பயணத்துக்கு எப்படித் தயாராவது?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வருகிறது. "ஜனவரி கடைசி ஞாயிறு சைக்கிள்ல பாண்டிச்சேரி போறோம். குழந்தைகளோட புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டப் போறோம். யார் யார் வர்றீங்க?" ஐந்து நிமிடத்தில் பத்து பேர் கை தூக்கிவிடுவார்கள். அதில் பாதிப் பேர் கடைசியாக சைக்கிள் ஓட்டியது பிளஸ் டூ படிக்கும்போதுதான்.

ஆர்வத்தில் தப்பே இல்லை. ஆனால், இது வழக்கமான வீக்-எண்ட் ரைடு கிடையாது. நீங்கள் ஓட்டப்போவதை நம்பி அத்தையும் மேனேஜரும் பழைய ரூம்மேட்டும் பணம் போடுகிறார்கள். அதனால் ரெண்டு விஷயம் பத்திரமாகப் போய்ச் சேரணும். ஒன்று, ஓட்டுகிற ஆள். இன்னொன்று, கொடுத்த பணம். இரண்டுக்குமே முன்கூட்டியே தயாராக வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பாண்டிச்சேரி, சென்னையில் எங்கே கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து, 140 முதல் 150 கி.மீ. பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. அதனாலேயே 'ஈஸி ரூட்' என்று பலரும் நினைக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிதாகப் பழகியவர்கள் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் ஓட்டும் நேரம் மட்டுமே ஏழரை மணி நேரம். டிபன், தண்ணீர், பஞ்சர் எல்லாம் சேர்த்தால் ஒன்பதரை, பத்து மணி நேரம். அதிகாலை 4.30-க்குக் கிளம்பினாலும், பாண்டிக்கு இன்னும் 35 கி.மீ. இருக்கும்போதே, மரக்காணம் உப்பளங்கள் பக்கம் மணி பன்னிரண்டு ஆகிவிடும். அங்கே ஒதுங்க நிழல் குறைவு. உடம்பு சோர்ந்திருக்கும் நேரமும் உச்சி வெயிலும் ஒன்றாகச் சேருவது இந்த இடத்தில்தான். தயாரிப்பு முழுக்க இந்தக் கடைசி இரண்டு மணி நேரத்துக்குத்தான்.

மாதமும் முக்கியம். ஜனவரி, பிப்ரவரியில் வெயில் குறைவு. வடகிழக்குக் காற்று தெற்கே போகிறவர்களைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். மார்ச்சுக்கு மேல் மதியம் எழும் கடல் காற்று எதிரே வந்து மல்லுக்கட்டும். அதே ஜனவரியில் சைக்கிளிலேயே திரும்பி வரலாம் என்று நினைத்தால், போகும்போது உதவிய காற்று வரும்போது எதிரி. முதல் முறை என்றால் சைக்கிள்களை ஒரு 'குட்டி யானை'யில் ஏற்றிவிட்டு, நீங்கள் பஸ்ஸில் வாருங்கள்.

12 வாரம் என்ன செய்யணும்?

வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ரைடு. அந்த ஞாயிறு தூரத்தை இப்படிக் கூட்டலாம்:

• வாரம் 1 - 3: 30, 40, 50 கி.மீ.
• வாரம் 4: 35 கி.மீ. (உடம்புக்கு ஓய்வு)
• வாரம் 5 - 7: 60, 70, 80 கி.மீ.
• வாரம் 8: 55 கி.மீ. (மறுபடி ஓய்வு)
• வாரம் 9, 10: 95, 115 கி.மீ.
• வாரம் 11: 60 கி.மீ.
• வாரம் 12: பயணம்

"150 ஓட்டிப் பார்க்காமலே 150 போறதா?" என்று கேட்கலாம். 115 கி.மீ.யை மறுநாள் ஆபீஸ் போகிற அளவு தெம்போடு முடித்தால், நிதானமாக, நிறுத்தி நிறுத்தி 150 போக முடியும். கடைசி வாரத்தில் புதிதாக எந்த பலமும் கூடாது. அசதி மட்டும்தான் கூடும்.

வேகத்துக்கு மீட்டர் பார்க்க வேண்டாம். பக்கத்தில் வருபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச முடியவில்லை என்றால் குறையுங்கள்.

ஜனவரிப் பயணம் என்றால் பயிற்சிக் காலத்தின் நடுவில் பருவமழை வரும். ரெண்டு வாரம் மழையில் போனாலும் தாங்குகிற மாதிரி அக்டோபர் நடுவிலேயே தொடங்கிவிடுவது நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை உள்ளவர்களும், 40 வயதைத் தாண்டி புதிதாகத் தொடங்குபவர்களும் முதலில் டாக்டரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் மருந்தளவு பற்றிக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். நீண்ட நேரம் ஓட்டும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

சைக்கிள் விலையைவிட சீட் உயரம் முக்கியம்

லட்ச ரூபாய் சைக்கிள் தேவையில்லை. உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிற, சர்வீஸ் செய்த சாதாரண ஹைபிரிட் சைக்கிளே போதும். பொருந்தாத சைக்கிளில் 30 கி.மீ. தெரியாது, 80-வது கி.மீ.யில் முழங்கால் காட்டிக்கொடுத்துவிடும்.

சீட் உயரம் பார்க்க எளிய வழி: சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம்.

அடுத்தது, யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். நீண்ட பயணத்தில் பலரைப் படுத்துவது உட்காரும் இடத்தில் வரும் உராய்வுப் புண். பேட் வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸ் வாங்குங்கள். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. அதன் தையல்தான் தோலை உரசும். உரசும் இடங்களில் வாசலின் தடவலாம். மரத்துப்போகிற உணர்வு வந்தால் எழுந்து நின்று ஓட்டுங்கள். சீட்டின் சாய்வைச் சரிசெய்யுங்கள். அப்போதும் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். புது ஷூ, புது ஷார்ட்ஸ், புது சீட் எதையும் பயண நாளில் முதன்முறையாகப் பயன்படுத்தாதீர்கள்.

டயரில் எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆளுக்கு இரண்டு ஸ்பேர் டியூப், டயர் கழற்றும் லீவர், கை பம்பு. வீட்டில் ஒருமுறையாவது பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பாருங்கள். ரோட்டோரத்தில் இருட்டில் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

பசி எடுக்கும் முன்னே சாப்பிடணும்

உடம்பில் சேமித்திருக்கும் மாவுச்சத்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் கால் திடீரென்று கல் மாதிரி ஆகிவிடும். தலை சுற்றும், எரிச்சல் வரும். இதைத் தவிர்க்க மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. வாழைப்பழம், கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், இட்லி எல்லாமே நல்ல ரைடு சாப்பாடுதான். பொங்கலும் வடையும் பாண்டி போன பிறகு! எண்ணெயும் நெய்யும் ஜீரணமாக நேரம் எடுக்கும்.

தண்ணீரில் ரெண்டு பக்கமும் ஆபத்து உண்டு. குடிக்காமல் விட்டால் நீரிழப்பு. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரலாம். தாகத்துக்கு ஏற்ப, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்பு போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ், ஓஆர்எஸ் என்று மாற்றி மாற்றிக் குடிக்கலாம். ஓஆர்எஸ் வாங்கும்போது பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அந்த ஃபார்முலா இல்லாத பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

ரோட்டில் கவனிக்க வேண்டியவை

ஜனவரியில் சூரிய உதயம் ஆறரை மணி வாக்கில். 4.30-க்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம் இருட்டில்தான் ஓட்டுகிறீர்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒளி பிரதிபலிக்கும் ஜாக்கெட், ஹெல்மெட் நாலும் இல்லாதவர் அன்று ஓட்டக் கூடாது என்று குழுவே முடிவு செய்யுங்கள். பேசிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓட்டாமல் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். எல்லோருக்கும் பின்னால், தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் வைத்த ஒரு வண்டி வரட்டும்.

கூட வருகிறவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ 'கொஞ்சம் ரெஸ்ட் எடு' என்று விட்டுவிடாதீர்கள். வெப்பத் தாக்கமாக இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறி, உடனே 108-ஐ அழையுங்கள்.

பணம் யார் கணக்குக்குப் போகணும்?

1980-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர் 36 பேருடன் ஒரு சைக்கிள் பயணம் நடத்தினார். திரட்டியது 10,200 டாலர். 'பான்-மாஸ் சேலஞ்ச்' என்ற அந்தப் பயணம் இன்று வரை 100 கோடி டாலருக்கு மேல் பாஸ்டனில் உள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குத் தந்திருக்கிறது. அங்கே ஓட்டுபவர்கள் திரட்டும் பணம் முழுவதும் மையத்துக்கே போகிறது.

நம் ஊர்ப் பயணத்துக்கும் இதே விதி பொருந்தும். ஜெர்ஸி, சாப்பாடு, வண்டி வாடகை எல்லாம் உங்கள் பாக்கெட்டிலிருந்து. நன்கொடை முழுசாக அறக்கட்டளைக்கு.

உங்கள் யுபிஐ-க்கு வாங்கி, மொத்தமாக அனுப்பலாம் என்று தோன்றும். வேண்டாம். அப்படிச் செய்தால் ரசீது உங்கள் பெயரில் வரும். கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடைக்காது. அறக்கட்டளையின் கணக்கு எண்ணையே நேரடியாகப் பகிருங்கள். '80ஜி' என்று நாம் அறிந்த இந்தச் சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. இதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நிதி திரட்டும் இணையதளம் வழியாக வாங்கினால், கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். சில தளங்களில் 'டிப்ஸ்' என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கும்.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்த சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ பதிவுள்ள அறக்கட்டளை மட்டுமே, அதற்கான தனிக் கணக்கில் வாங்கலாம். "என் அக்கவுண்ட்டுக்கு அனுப்பு, நான் கொடுத்துடறேன்" என்று சொல்லாதீர்கள்.

பாதியில் நிறுத்தினால்?

மரக்காணத்தில் கால் நடுங்குகிறது, தலை சுற்றுகிறது. வண்டியில் ஏறிக்கொள்ளலாம். ஆனால் மனசு விடாது: "நாப்பது பேர்கிட்ட பணம் வாங்கிட்டேனே, என்ன பதில் சொல்றது?" நிதி திரட்டும் பயணத்துக்கே உரிய ஆபத்து இது. சாதாரண ரைடில் நிறுத்தியிருப்பவர், இதில் நிறுத்த மாட்டார்.

இதற்கான மருந்தை, பணம் கேட்கும் மெசேஜிலேயே சேர்த்துவிடுங்கள். இப்படி:

"வணக்கம். ஜனவரி கடைசி ஞாயிறு சைக்கிள்ல பாண்டிச்சேரி போறேன். இந்த அறக்கட்டளைக்காக 50,000 ரூபாய் திரட்டணும்னு ஆசை. பணத்தை நேரா அவங்க கணக்குக்கே அனுப்புங்க, ரசீது உங்க பேர்ல வரும். என் செலவு என்னோடது. உடம்புக்கு முடியலைன்னா நடுவுல நிறுத்திடுவேன். உங்க பணம் அப்பவும் அந்தக் குழந்தைகளுக்குத்தான். எவ்வளவு சேர்ந்ததுன்னு ஒரு வாரத்துல சொல்றேன்."

கடைசி வரியை மறக்காமல் செய்யுங்கள். மொத்தத் தொகையை அறக்கட்டளையிடம் கேட்டு வாங்கி, கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். புரொமனாடில் எடுத்த செல்ஃபியை அதற்குப் பிறகு போட்டால் போதும்.