வீட்டிலேயே ‘ஓல்டு ஃபேஷன்டு’ காக்டெய்ல்... முதல்ல லேபிளைப் பாருங்க!

விஸ்கி 60 மி.லி., கொஞ்சம் சர்க்கரை, ரெண்டு சொட்டு பிட்டர்ஸ், ஐஸ், ஆரஞ்சுத் தோல். ஓல்டு ஃபேஷன்டு காக்டெய்ல் அவ்வளவுதான். பனங்கற்கண்டு பாகும் ஊத்தலாம், நல்லாவே இருக்கும்.

குழப்பம் விஸ்கியில்தான். ஐரோப்பாவில் தானியத்தில் வடித்தால்தான் அதற்கு விஸ்கி என்று பெயர். நம்மூர் மலிவு பிராண்டுகள் பலவற்றில் இருப்பது கரும்பு மொலாசஸ் ஸ்பிரிட். லேபிளில் ‘சிங்கிள் மால்ட்’ என்றிருந்தால் பார்லி.

சரி, லேபிளே இல்லாத சரக்கு? எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் யாராவது “கம்பெனி ஸ்பிரிட், மலிவா தர்றேன்”னு சொன்னா தொடவே தொடாதீங்க. அது மெத்தனாலாக இருக்கலாம். நிறம், வாசனை, ருசி எதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. 2023-ல் மரக்காணம், 2024-ல் கள்ளக்குறிச்சி, ரெண்டு இடத்திலும் உயிரைப் பறித்தது அதுதான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் பலி.

குடித்தபின் கண் மங்கினால் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ராயபுரம் பக்கம்னா நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரி, இல்லைன்னா 108.