வளர்ந்தோரிடம் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டைக் கண்டறிதல்

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்பது கவனத்தை நிலைநிறுத்துதல், செயல்களை ஒழுங்குபடுத்துதல், உந்துதலை அடக்குதல் ஆகியவற்றைப் பாதிக்கும் ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு ஆகும். இது ஏ.டி.எச்.டி. எனவும் அழைக்கப்படுகிறது. சிறுவர்களுக்கே உரியதென நெடுங்காலம் கருதப்பட்ட இக்குறைபாடு, பலரிடம் வளர்ந்த பின்னரும் தொடர்கிறது.

அளவுகோல்கள்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டின்படி, 17 வயது நிறைந்தோரிடம் பின்வருவன காணப்பட வேண்டும்:

- கவனக்குறைவு, மிகையியக்கம் ஆகிய இரு பட்டியல்களுள் ஒன்றிலாவது 5 அறிகுறிகள், குறைந்தது 6 மாதங்களுக்கு
- அறிகுறிகளுள் சில 12 வயதிற்கு முன்னரே தோன்றியிருத்தல்
- வீடு, பணியிடம் போன்ற இரு சூழல்களிலாவது அவை வெளிப்படுதல்
- அன்றாட வாழ்வு பாதிக்கப்படுதல்
- வேறு உளநோயால் அவற்றை விளக்க இயலாமை

கண்டறியும் முறை

இதனை உறுதிசெய்யும் குருதிச் சோதனையோ மூளைப் படமோ இல்லை. உலக சுகாதார அமைப்பின் 18 வினாக்கள் கொண்ட வினாப்பட்டியல் முதற்கட்டச் சலிப்பிற்கு மட்டுமே உரியது; அதன் மதிப்பெண்ணைக் கொண்டு முடிவு செய்தல் தவறாகும். விரிவான நேர்காணலே அடிப்படை ஆகும்.

இளமைக்காலச் சான்று இதில் இன்றியமையாதது. பள்ளி மதிப்பெண் அட்டைகள், ஆசிரியர் குறிப்புகள் ஆகியன உதவும். காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்களில், இளமையிலேயே படிப்பை நிறுத்தித் தறிக்குச் சென்றவர்களிடம் இவை இல்லாதிருக்கலாம். அந்நிலையில் பெற்றோர் அல்லது உடன்பிறந்தோர் கூறும் செய்திகளே சான்றாகின்றன.

விருப்பமான வேலையில் பல மணிநேரம் ஒன்றியிருத்தல் இக்குறைபாடு இல்லை என்பதற்குச் சான்றன்று. புட்டா வேலைப்பாட்டில் தன்னை மறக்கும் நெசவாளர் ஒருவர், சேலையைத் தவணைக்குள் முடிக்கவோ கூலிக் கணக்கைப் பேணவோ இயலாது தவிக்கக்கூடும். இதனைச் சோம்பல் எனப் பிறர் கருதுவதால் சிகிச்சை பல ஆண்டுகள் தள்ளிப்போவதுண்டு. துடுக்குத்தனமின்றிக் கவனக்குறைவு மட்டுமே உள்ள பெண்களிடமும் இது எளிதில் தவறவிடப்படுகிறது.

மயக்கம் தரும் நிலைகள்

மனச்சோர்வு, மனப்பதற்றம், இருமுனையப் பிறழ்வு, தூக்கக் குறைபாடுகள், தைராய்டு கோளாறு, மதுப் பழக்கம் ஆகியனவும் கவனத்தைக் குலைக்கும். இவை பெரும்பாலும் பிற்காலத்தில் தொடங்குபவை, ஏ.டி.எச்.டி. இளமை முதல் தொடர்வது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருத்தலும் உண்டு.

தமிழ்நாட்டில்

உளமருத்துவரே நோயை உறுதிசெய்து மருந்து எழுதுகிறார். மருத்துவ உளவியலாளர் சோதனைகளை நடத்துகிறார். மெத்தில்பெனிடேட்டு எனும் மருந்து 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டது. எனவே அதனை மருத்துவரின் சீட்டின்றிப் பெற இயலாது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளின் உளமருத்துவப் பிரிவையோ, சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையையோ அணுகலாம். 2022 இல் தொடங்கப்பட்ட டெலி-மானசு சேவையின் 14416 எண்ணில் தமிழில் வழிகாட்டுதல் பெறலாம்.

இவற்றையும் பார்க்க

- மனச்சோர்வு
- கற்றல் குறைபாடு
- உளமருத்துவம்