கியர்ப் பெட்டிக்கு ஏற்ற ஒயில் எது?

கறிக்கு நல்லெண்ணெய், விளக்குக்கு இலுப்பெண்ணெய், புண்ணுக்கு வேப்பெண்ணெய் என்று எண்ணெய்களை வகுத்து வைத்தவர் நம் முன்னோர். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்ற எந்த இல்லத்தரசியும் உடன்படமாட்டாள். ஆயினும் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பொறுத்தமட்டில், "எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே, தடித்ததாயும் விலை கூடியதாயும் இருந்தால் இன்னும் நல்லது" என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. இவ்வெண்ணத்தால் பெரிதும் கெடுவது கியர்ப் பெட்டியே.

புங்குடுதீவு போன்றதோர் ஊரில் இது சிறிய விடயமன்று. நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் படகேறி வருவோர் குறிகட்டுவான் துறையில் இறங்கித் தரைவழிப் பயணத்தைத் தொடங்குவது இங்கேதான். யாழ்ப்பாண நகரை அடைய வேண்டுமாயின் வேலணையை இணைக்கும் தாம்போதியையும், அப்பால் பண்ணைத் தாம்போதியையும் கடத்தல் வேண்டும். பிள்ளைப்பேற்றுக்காக ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் புறப்பட்ட கார், இருமருங்கும் கடல் சூழ்ந்த இடத்தில் கியர் விழாமல் நின்றுவிட்டால் அக்குடும்பத்தின் நிலை என்னாகும்? ஒரு போத்தல் ஒயிலைத் தெரிந்தெடுப்பதில் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

கியர்ப் பெட்டியிலுள்ள பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாதிருக்க ஒயில் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. கியர் மாற்றும் வேளையில், வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருபவை பித்தளை போன்ற மஞ்சள் உலோகத்தாலான சின்குரோ வளையங்கள். இவ்வளையம் எதிரேயுள்ள கூம்பினை இறுகப் பற்றினாலன்றித் தன் வேலையைச் செய்ய இயலாது. ஆகவே கியர் ஒயிலிடம் நாம் எதிர்பார்ப்பது இரண்டு: பற்சக்கரங்களுக்கு வழுக்கல் தரவேண்டும், வளையத்துக்குப் பிடியும் தரவேண்டும். மிகையாக வழுக்கும் ஒயிலில் வளையம் சறுக்கும். மிகையாகத் தடித்த ஒயிலை வளையத்தால் வழித்து விலக்க முடியாது. இரண்டின் பயனும் ஒன்றே: கியர் விழும்போது 'கறகற' என்ற ஓசை.

இலக்கங்களின் பொருள்

ஒயில் தகரத்தில் 80 டபிள்யூ 90 என்பது போன்ற எண்கள் தடிப்பைக் குறிப்பன. டபிள்யூ என்ற எழுத்தை அடுத்து முன்நிற்கும் எண் குளிர்காலத் தடிப்பைக் காட்டுவது. பனி காணாத நமது தீவுகளில் அதற்கு முதன்மை இல்லை. 90 என்ற எண்ணைக் கண்டு மலைக்கவும் வேண்டா. கியர் ஒயிலுக்கும் எஞ்சின் ஒயிலுக்கும் அளவுகோல் வேறு. 90 ஆம் இலக்கக் கியர் ஒயில், 40 அல்லது 50 ஆம் இலக்க எஞ்சின் ஒயிலின் தடிப்பையே ஏறத்தாழக் கொண்டது.

ஜி.எல். 4, ஜி.எல். 5 என்பவை தடிப்பைக் குறிப்பன அல்ல. கடும் அழுத்தத்தைத் தாங்குமாறு சேர்க்கப்படும் கந்தக, பொசுபரசுச் சேர்க்கைகளின் தரத்தைக் குறிப்பன. ஐந்தாம் வகையில் இச்சேர்க்கை நான்காம் வகையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. பின் அச்சிலுள்ள டிபரன்சியலின் ஹைபொயிட் பற்சக்கரங்களுக்கு இது உயிர்காக்கும் மருந்து. ஆயின், கந்தகம் மஞ்சள் உலோகத்துக்குப் பகை. இன்றைய ஐந்தாம் வகை ஒயில்கள் பலவற்றில் இக்கேடு பெரிதும் குறைக்கப்பட்டுள்ளது உண்மையே. எனினும் சின்குரோ வளையத்துக்கு வேண்டிய பிடியை அவை தரும் என்பதற்கு உறுதியில்லை. எனவே, எண்ணில் ஐந்து பெரிதென்பதால் ஐந்தாவதே சிறந்ததெனக் கொள்வது தவறு.

ஒரு கார், இரண்டு எண்ணெய்

யாழ்ப்பாணப் பகுதியில் இன்றும் ஓடக் காணும் மொறிஸ் மைனர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1971 உடன் உற்பத்தி நின்றுபோன கார் இது. 1956 இல் வந்த 'ஆயிரம்' வகையின் கியர்ப் பெட்டிக்கு உற்பத்தியாளர் விதித்தது கியர் ஒயிலே அன்று. எஞ்சினுக்கு ஊற்றும் 30 ஆம் இலக்க ஒயில்தான்! இன்று இக்காரை வைத்திருப்போர் பலர் 20 டபிள்யூ 50 எஞ்சின் ஒயிலை இடுகின்றனர். பின் அச்சுக்கோ 90 ஆம் இலக்க ஹைபொயிட் ஒயில் வேண்டும். ஒரே காரில் சில அடி இடைவெளியில் இரு வேறு எண்ணெய்கள்! 'கியர்ப் பெட்டி' என்ற பெயரைக் கேட்டதும் ஐந்தாம் வகைக் கியர் ஒயிலை ஊற்றும் இளைஞர், நன்மை செய்வதாக எண்ணியே தீங்கிழைக்கிறார். புதிய கார்களிலும் ஒரே விதி இல்லை. ஹொண்டா நிறுவனம் தன் கார்களின் கியர்ப் பெட்டிக்கு ஒரு காலத்தில் எஞ்சின் ஒயிலையே விதித்திருந்தது. பின்னர்த் தனி ஒயிலொன்றை விதித்தது.

1990 இன் பின் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில் குடாநாட்டார் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியதை மறந்தவர் இலர். ஒவ்வாத எரிபொருள் புகுந்தால் எஞ்சின் இருமியும் புகைத்தும் உடனே முறையிடும். கியர்ப் பெட்டியோ நெடுநாள் மௌனமாகத் தேய்ந்து, வாய் திறக்கும்போது செப்பனிடும் எல்லையைக் கடந்து நிற்கும். பழைய கார்களுக்கு மாற்றுப் பெட்டி கிடைப்பதும் எளிதன்று.

உப்பு நீரின் பகை

தீவகத்தார்க்கு இன்னுமோர் எச்சரிக்கை. மாரிகாலத்தில் வெள்ளம் நிற்கும் பாதையில் ஓடும்போது, சூடேறிய பெட்டியும் அச்சும் திடீரெனக் குளிரும். உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, மூச்சுத் துவாரத்தின் வழியே நீரை உறிஞ்சும். நீர் கலந்த ஒயில் பால்விட்ட கோப்பி போல் வெளிறித் தோன்றும். அவ்வாறு கண்டால் நாட்கடத்தாது ஒயிலை மாற்றுதல் வேண்டும். உப்பு நீராயின் இரும்பும் துருப்பிடிக்கும்.

மாற்றும் முறையும் கடினமன்று. சிறிது தூரம் ஓட்டி ஒயிலைச் சூடாக்கி, சமதரையில் காரை நிறுத்துக. ஊற்றும் துவாரத்தின் மூடியை முதலில் கழற்றுக. அது இறுகிக் கிடப்பின், ஒயிலை வடித்தபின் வருந்த நேரிடும். வடித்த ஒயிலில் பொன்னிறத் துகள் மிகுதியாக மின்னினால் வளையங்கள் தேய்கின்றன. வெள்ளி நிறச் சீவல்கள் காணப்படின் பற்கள் உடைகின்றன என அறிக. பக்கவாட்டில் துவாரமுள்ள பெட்டிகளில், ஒயில் அதன் விளிம்பைத் தொடும்வரை ஊற்றினாற் போதும்.

காருடன் வந்த கைந்நூல் இருப்பின் அதுவே முடிந்த முடிபு. அது தொலைந்திருப்பின், அதே வகைக் காரின் கைந்நூலைத் தேடிப் பார்த்து, கியர்ப் பெட்டிக்கு இன்னது, பின் அச்சுக்கு இன்னது என்று ஓர் அட்டையில் எழுதிக் காரினுள்ளே வைத்துவிடுங்கள். கராஜில் ஒயில் ஊற்றுமுன், தகரத்திலுள்ள எழுத்தை அவ்வட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொணரும் உயர்ந்த விலை ஒயிலாயினும், அட்டையில் உள்ளதோடு பொருந்தாவிடின் அதனைப் புறத்தே வைத்துவிடுவதே அறிவுடைமை.