அழிப்பானைச் சற்று ஓரம் வைப்போம்

கட்டுரை எழுதச் சொன்னால் சில மாணவர்கள் முதல் வரியைத் தாண்டுவதே இல்லை. எழுதுவார்கள், அழிப்பார்கள், மீண்டும் எழுதுவார்கள். கடைசியில் தாளைக் கிழித்துவிடுவார்கள். இவர்களை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். ஆனால், இவர்களில் பலருக்கு விடை தெரியும். பிழை வந்துவிடுமோ என்ற அச்சம்தான் தடுக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டால், பொதுத்தேர்விலும் தெரிந்த வினாவை எழுதாமல் வருவார்கள்.

“தைரியமாக எழுது” என்ற அறிவுரை மட்டும் போதாது. இலக்கைச் சிறிதாக்கித் தர வேண்டும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். குழந்தை தான் இருக்கும் நிலையிலிருந்து அடுத்ததற்குச் செல்கிறது. உயர் வகுப்புகளுக்கும் இது பொருந்தும்.

கட்டுரையை மூன்று நாள்களாகப் பிரிக்கலாம்.

முதல் நாள்: தலைப்பைப் பற்றித் தோன்றும் ஐந்து சொற்கள் மட்டும்.

இரண்டாம் நாள்: ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தொடர். அழிப்பான் வேண்டாம், தவறிய சொல்லை ஒரு கோட்டால் அடித்துவிட்டு மேலே எழுதட்டும். நாமும் சிவப்பு மையை எடுக்க வேண்டாம்.

மூன்றாம் நாள்: தொடர்களை வரிசைப்படுத்திப் பத்தியாக்குதல். இப்போது திருத்தலாம், அதுவும் ஒரே வகைப் பிழையை மட்டும். இந்த வாரம் ஒற்றுப்பிழை என்றால், அடுத்த வாரம் ர, ற வேறுபாடு.

கணக்கிலும் அப்படியே. இறுதி விடை வராவிட்டாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்று சொல்லி, தெரிந்த படிவரை எழுதச் செய்யலாம்.

பிழையுள்ள தாளிலிருந்து மாணவருக்கு எது தெரியும், எங்கே தடுமாறுகிறார் என்று அறியலாம். வெற்றுத்தாளில் நாம் திருத்த ஒன்றுமில்லை.