ஆயி குளமும் பொறியாளரின் காமசூத்திரமும்: ஸ்டீம்பங்க் அழகியலைப் புதுச்சேரியிலிருந்து வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீராவிப் பொறிகளையும் விக்டோரியக் கால உடைகளையும் கற்பனையில் மீட்டெடுக்கும் ஸ்டீம்பங்க் அழகியல், அக்காலம் மூடிவைத்த காமத்தை வெளிப்படையாக அணிந்துகொள்கிறது. அந்நூற்றாண்டைப் பிரெஞ்சுக் குடியேற்றமாக வாழ்ந்து கடந்த புதுச்சேரியில் பொறியியலும் காமமும் எவ்வாறு சந்தித்தன? ஆயி என்னும் கணிகையின் கதை, முத்திரையர்பாளையத்து நீர், 1891இல் வெளிவந்த பிரெஞ்சுக் காமசூத்திரம் ஆகிய மூன்றையும் இணைக்கும் பொறியாளர் லமெரெஸ் வழியாக இக்கட்டுரை இவ்வினாவை அணுகுகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்டீம்பங்க், காமம், பொறி, கணிகையர், ஆயி மண்டபம், லமெரெஸ்

முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் 1987இல் ‘லோகஸ்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாமும் டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக் ஆகியோரும் படைத்துவந்த விக்டோரியக் காலக் கற்பனைக் கதைகளுக்கு அதில் அவர் பாதி வேடிக்கையாக இட்ட பெயரே ‘ஸ்டீம்பங்க்’. கணினி யுகத்தின் ‘சைபர்பங்க்’ என்னும் சொல்லை நீராவிக்கு மாற்றியமைத்த பெயர் அது. வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் இணைந்து எழுதிய ‘வேறுபாட்டுப் பொறி’ (1990) என்னும் நாவலுக்குப் பின் இச்சொல் நிலைபெற்றது. பின்னர் அது இலக்கியத்தைக் கடந்து, பித்தளைப் பற்சக்கரங்கள், கண்காப்புக் கண்ணாடிகள், தோல் வார்கள், இறுக்கிக் கட்டிய இடைக்கச்சுகள் எனப் புனைந்து உடுத்திக் கூடுவோரின் துணைப்பண்பாடாக வளர்ந்தது.

இத்துணைப்பண்பாட்டின் பாலியல் கவர்ச்சியை வெறும் உடையலங்காரம் என்று ஒதுக்கிவிட இயலாது. எது உள்ளே இருக்க வேண்டும், எது வெளியே தெரியலாம் என்னும் வினா அதில் அடங்கியுள்ளது.

உள்ளாடை வெளியாடையாதல்

கார்செட் எனப்படும் இறுக்குக்கச்சு விக்டோரியப் பெண்டிரின் உள்ளாடை. ஸ்டீம்பங்க் அதனைச் சட்டைக்கு மேல் அணிவிக்கிறது. கடிகாரத்தின் பற்சக்கரங்களையும் அவ்வாறே மேற்புறத்தில் பதிக்கிறது. உடலின் கட்டும் பொறியின் இயக்கமும் ஒருங்கே வெளிப்படுத்தப்படும் இவ்விடத்தில்தான் அதன் காமச்சுவை பிறக்கிறது. இன்றைய மின்கருவிகளின் வழுவழுப்பான கண்ணாடி முகம் எதையும் காட்டுவதில்லை. நீராவிப் பொறியோ மூச்சுவிடுகிறது, சூடேறுகிறது, அசைவது கண்ணுக்குத் தெரிகிறது.

கச்சும் பொறியும் இணைவது பிற்காலக் கற்பனை மட்டுமன்று. துணி கிழியாமல் கயிற்றை இழுத்து இறுக்குவதற்கு உலோகக் கண்வளையங்கள் வழிசெய்தன. 1868இல் எட்வின் இசாட் என்பவர், கஞ்சியிட்ட கச்சை உலோக உடலுருவின்மேல் பொருத்தி நீராவியால் வடிவமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெண்ணுடலின் ‘இயல்பான’ வளைவு என ஆடவர் வியந்தது ஆலையில் நீராவியால் வார்க்கப்பட்ட வளைவே.

அக்கால எழுத்திலேயே இவ்விணைவுக்கு முன்னோடியும் உண்டு. வில்லியே த லில்-ஆதாம் எழுதிய ‘எதிர்கால ஏவாள்’ (1886) என்னும் பிரெஞ்சு நாவலில், காதலியின் அழகு மட்டும் போதும், அவளது மனம் வேண்டா எனத் தவிக்கும் ஒருவனுக்காக எடிசன் ஓர் எந்திரப் பெண்ணை உருவாக்குகிறார். காமம் இங்கே மறுமொழி கூறாத பொருளை நாடுகிறது. ஸ்டீம்பங்க் எழுத்தாளருள் பால் டி ஃபிலிப்போ இந்நோயை நேராகத் தொட்டவர். அவரது ‘ஸ்டீம்பங்க் முத்தொகுதி’ (1995) நூலின் ஒரு கதை, ஐரோப்பாவில் காட்சிப்பொருளாக்கப்பட்ட தென்னாப்பிரிக்கப் பெண் சாரா பார்ட்மனின் உடலுறுப்பைச் சுற்றிப் பின்னப்பட்டுள்ளது. பார்ட்மனின் உடல் எச்சங்கள் 2002இல்தான் தாயகம் திரும்பின. விக்டோரிய ஒழுக்கத்தின் மறுபக்கம் படுக்கையறையில் மட்டும் இருக்கவில்லை, குடியேற்ற நாடுகளிலும் இருந்தது என்பதை ஸ்டீம்பங்க் கூட்டங்களின் அலங்காரம் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. உடைக்குரிய துணியை நெய்தவர் யார் என்னும் வினாவும் அவ்வாறே மறக்கப்படுகிறது. புதுச்சேரி ஆலைகளின் நீலத்துணி செனகல் வரை சென்றது. அதே ஆலைத் தொழிலாளருள் 12 பேர் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர்.

பொறி என்னும் சொல்

தமிழில் ‘பொறி’ என்பது எந்திரத்தையும் குறிக்கும், மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய புலன்வாயில்களையும் குறிக்கும். எந்திரத்துக்கும் இன்ப நுகர்வுக்கும் ஒரே சொல் அமைந்த மொழியில் ஸ்டீம்பங்க் கேட்கும் வினா புதிதன்று. மணநூல் என வழங்கப்பெறும் சீவக சிந்தாமணியின் தொடக்கமே காமமும் பொறியும் பிணைந்த நிகழ்ச்சி. விசயையின்மேல் கொண்ட வேட்கையால் சச்சந்தன் அரசைக் கட்டியங்காரனிடம் ஒப்படைக்கிறான். அழிவு நெருங்கும்போது கருவுற்ற மனைவியைக் காப்பது அவன் செய்வித்த மயிற்பொறி. அதை இயக்கக் கற்றவளும் அவளே. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்படுத்துவது எந்திர யானை. 1880இல் ஜூல் வெர்ன் ‘நீராவி வீடு’ நாவலில் வட இந்தியா முழுவதும் ஓட்டிச் சென்ற நீராவி யானை, தமிழ் வாசகருக்கு இரண்டாம் யானையே.

வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் அறுபத்துநான்கு கலைகளுள் கட்டடக் கலையையும் எந்திரம் அமைத்தலையும் நீர்விளையாட்டுகளையும் சேர்த்துள்ளது. கணிகை கற்க வேண்டியவை இவை. புதுச்சேரிக் கதையைப் படிக்கும்போது இக்குறிப்பு நினைவிலிருத்தல் வேண்டும்.

ஆயியின் வீடும் பேரரசரின் நீரும்

புதுச்சேரி நகருக்கு மேற்கே, வில்லியனூர் செல்லும் வழியிலுள்ள மூலக்குளத்துக்கு அண்மையில் அமைந்தது முத்திரையர்பாளையம். இங்கே ஆயி என்னும் கணிகை வாழ்ந்ததாக வழங்கும் கதை பின்வருமாறு. இவ்வழியே வந்த விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் மிளிர்ந்த ஒரு மாளிகையைக் கோயில் எனக் கருதிக் கைகூப்பினார். அது கணிகையின் இல்லம் என்று முதியவர் ஒருவர் கூறவே, சினந்து அதை இடிக்க ஆணையிட்டார். தன் வீட்டைத் தானே இடித்துக்கொள்ள ஆயி இசைவு வேண்டினாள். இடித்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள்.

பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் (1852–1870) நகரின் குடிநீர்க் குறையைத் தீர்க்க, இம்முத்திரையர்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவுக்கு நீர் கொண்டுவரப்பட்டது. பணியை நிறைவேற்றியவர் பொறியாளர் லமெரெஸ். ஆயியின் கதையைக் கேட்டு வியந்த பேரரசர் அவள் நினைவாகக் கட்டுவித்தது எனக் கூறப்படும் கிரேக்க உரோமானியப் பாணி வெண்மண்டபம், இன்று பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபமாகும்.

கதையை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. அது எதை ஏற்கிறது, எதை நீக்குகிறது என்பதே ஆய்வுக்குரியது. மன்னரின் பிழை கண்ணின் பிழை: காம இல்லத்தைத் தெய்வ இல்லமாகக் கண்டது. தண்டனையோ கட்டடத்துக்கு. கணிகை தன் இல்லத்தை, அதாவது தன் கலையின் அரங்கை, நீராக மாற்றிய பின்னரே இரண்டு பேரரசுகளும் அவளை மதிக்கின்றன. மாதவியின் மகள் மணிமேகலை அமுதசுரபியை ஏந்திய பின் பெற்ற மதிப்பும் இத்தகையதே. ஸ்டீம்பங்க் உள்ளிருந்ததை வெளியே திருப்புகிறது; புதுச்சேரியின் மெய்யான நீராவிக் காலம் வெளியே ஒளிர்ந்ததை மண்ணுக்கடியில் செலுத்திவிட்டு மேலே தூய வெண்மண்டபத்தை எழுப்பியது. ஆயினும் கதைக்குள் ஒரு முரண் எஞ்சுகிறது. இடித்தவளும் வெட்டியவளும் அவளே. கட்டடமும் நீரும் கணிகையின் அறுபத்துநான்கு கலைகளுக்குள் அடங்கும் என்றால், குளம் அவளது வருத்தத்தின் சின்னம் மட்டுமன்று, கலையின் சின்னமுமாகும்.

பொறியாளர் பெயர்த்த காமநூல்

லமெரெஸ் வாய்க்காலோடு நின்றவரல்லர். தென்னிந்திய மக்கட் கவிதைகள் என்னும் தலைப்பில் 1867இல் பாரிசில் அவர் வெளியிட்ட நூல், பிரெஞ்சில் திருக்குறள் மொழிபெயர்ப்பு வரலாற்றில் இடம்பெறுவது. அம்மொழிபெயர்ப்பு வரலாற்றில் காமத்துப்பாலின் நிலை தனித்துக் கருதத்தக்கது. வீரமாமுனிவரின் இலத்தீன் பெயர்ப்பு அறத்துப்பால், பொருட்பால் ஆகியவற்றோடு நின்றது. மாறாக, 1889இல் பாரிக் த ஃபோந்தெனியூ காமத்துப்பாலை மட்டும் ‘காதல் நூல்’ எனப் பிரெஞ்சில் தந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் விடுபட்டிருந்த பால், இப்போது தனித்து விற்பனைக்குரியதாயிற்று.

காமசூத்திரத்தின் பயணமும் இதை ஒத்தது. ரிச்சர்ட் பர்ட்டன், ஆர்பத்நாட் ஆகியோர் இந்திய அறிஞர் பகவான்லால் இந்திரஜியின் உழைப்பைக் கொண்டு 1883இல் கொணர்ந்த ஆங்கில நூல், தனிச்சுற்றுக்கு மட்டும் என்னும் திரையுடன் வந்தது. 1885இல் லிசு அதைப் பிரெஞ்சாக்கினார். லமெரெஸ் 1891இல் தம் பெயர்ப்பை வெளியிட்டபோது அதற்கு இட்ட மேற்றலைப்பு ‘இந்து இறையியல்’. நூலினிடையே உரோமானியக் கவிஞர் ஓவிதின் காதற்பாடல்களும் கத்தோலிக்க ஒழுக்க நூலோரின் கருத்துகளும் பிற்சேர்க்கைகளாக ஒப்பிடப்படுகின்றன. மிஷெல் ஃபூக்கோ ‘பாலியலின் வரலாறு’ முதல் தொகுதியில் (1976) கீழை நாடுகளின் காமக் கலைக்கும் மேலை நாட்டின் பாலியல் அறிவியலுக்கும் இடையே வேறுபாடு கண்டார். லமெரெஸின் நூலில் அவ்வேறுபாடு நிகழும் தருணத்தைப் பார்க்கலாம்: இன்பம் நுகர்வதற்குரிய கலை, வகுத்து ஒப்பிட்டு அளப்பதற்குரிய பொருளாகிறது. ஊற்றைக் கண்டு வாய்க்கால் அமைத்து நகருக்குக் கொணரும் பொறியாளரின் முறையே இதிலும் செயற்பட்டது எனலாம். முத்திரையர்பாளையத்து நீர் ஆயியின் பெயரையேனும் தாங்கி வந்தது. காமசூத்திரத்தோடு எந்தக் கணிகையின் பெயரும் பாரிசுக்குச் செல்லவில்லை.

மேலை ஸ்டீம்பங்குக்குள் குடியேற்ற நாடுகளின் குரல் அண்மையில்தான் கேட்கத் தொடங்கியுள்ளது. ஜேமி கோ, ஜாய்ஸ் சிங் ஆகியோர் தொகுத்த தென்கிழக்காசிய ஸ்டீம்பங்க் கதைகள் (2015) அவ்வகை முயற்சி. தமிழில் அத்தகைய புனைவு எழுதப்படுமாயின் அதற்குப் பித்தளைக் கண்ணாடிகளைக் கடன் வாங்கத் தேவையில்லை. 1891ஆம் ஆண்டுக் காமசூத்திரத்தின் முகப்பு ஏட்டில் மொழிபெயர்ப்பாளரின் தகுதிகளாக இரண்டு தரப்பட்டுள்ளன: இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்களின் முன்னாள் தலைமைப் பொறியாளர், ‘தெய்வப் பறையர்’ எனக் குறிக்கப்பட்ட வள்ளுவரின் ஒழுக்க நூலை மொழிபெயர்த்தவர்.